மொம்பாசா முத்திரை

என் அலுமாரியில் ஒரு கடித உறை இருக்கிறது. அதன் வலது மேல்மூலையில் முத்திரை அளவுக்கு ஓர் ஓட்டை. வெட்டியெடுத்த அதே முத்திரையை, பின்பக்கம் தாள் வைத்து, சோற்றுப்பசையால் அந்த ஓட்டைக்குள் திரும்ப ஒட்டியிருக்கிறேன். முத்திரையில் ஒரு யானை. தபால் கந்தோர் அடித்த வட்டச் சீலின் பாதி யானையின் முதுகில், மீதி உறையில். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தவில்லை. நடுவில் மெல்லிய இடைவெளி.

வெட்டியதும் நான்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அடுத்த கதிரையில் ராத்தா; என்னைவிட மூத்த முஸ்லிம் அக்கா, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாவில் பாலம் இல்லாத காலம்; பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவா. அலுவலகத்துக்கு வரும் வெளிநாட்டு முத்திரைகள் எல்லாம் அவவுக்குத்தான். முத்திரை சேர்க்கும் பாதிப் பேருக்கு அதிலுள்ள படம்தான் பிடிக்கும், ராத்தாவுக்குச் சீல். “படம் லட்சம் முத்திரைல ஒண்டுதான் புள்ள. எந்த ஊர், எந்த நாள் எண்டு சீல்தானே சொல்லும்” என்பா. சீலைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டச் சொல்லி அலுத்துப்போனா. நான் அவசரக்காரி. முத்திரையின் பல்லோடு ஒட்ட வெட்டி, சீலைக் கூறுபோட்டே கொடுப்பேன்.

என் கணவர் கப்பலில் வேலை. பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் மாறி மாறி ஓடும் சரக்குக் கப்பல். அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே கடிதம்தான்: நான் சுகம், சாப்பாடு பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். திகதி போடவே மாட்டார். கார்பன் தாள் வைத்து எழுதுகிறாரோ என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை வந்ததும் அதே கடிதம். வாசித்தேன், முத்திரையை வெட்டினேன், ராத்தாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை, பல நாள் பிந்தி, செய்தி வந்தது. அந்த மாதம் ஆறாம் திகதி அடித்த புயலில் கப்பல் உடைந்துவிட்டது; சிலர் கரை சேர்ந்தார்கள், சிலர் இல்லை; யார் யார் என்று தெரியாது. கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுகம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் புயலுக்கு முந்திய சுகமா, பிந்திய சுகமா? உறையில் மிஞ்சியிருந்த அரைச் சீலில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. திகதி யானையோடு கிண்ணியாவுக்குப் போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. குசினி நிலத்தில் இருந்தவள் எழும்பவில்லை.

உச்சி வெயிலுக்கு முதல் ராத்தா வாசலில் நின்றா. முக்காடு கடல் காற்றின் ஈரத்தில் நனைந்திருந்தது. அதே கப்பலில் போன, கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிப் பொடியன் ஒருவன் உயிரோடு இல்லையென்று அவன் வீட்டாருக்குத் திட்டமாகத் தந்தி வந்திருந்தது. அந்த வீட்டில் இருந்து அழுத கண்ணோடுதான், தன் வீட்டில் முத்திரையை எடுத்துக்கொண்டு, ராத்தா பாதைக்கு வந்திருந்தா. கைப்பையைத் திறந்து, ஒற்றுத்தாளுக்குள் மடித்து வைத்திருந்த முத்திரையை எடுத்தா. காலையில்தான் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றியிருக்கிறா; இன்னும் ஈரம்.

“அந்த உறையக் கொண்டாங்க. முதல்ல நாளப் பாருங்க, பிறகு அழுங்க.”

ஓட்டைக்குள் முத்திரையை வைத்தா. வட்டம் கூடியது. மொம்பாசா. நடுவில் அந்த மாதம், பத்தொன்பது.

“புயல் ஆறாம் திகதி. இது பத்தொன்பது. செத்த மனிசன் தபால் கந்தோருக்குப் போக ஏலாது புள்ள. உங்கட ஆள் இருக்கார்.”

அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு அளவில்லை. அவவும் அழுதா. அவ அழுதது எனக்காக மட்டுமில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். பிறகு, “இத நான் எடுக்கமாட்டன். உங்கட உறையிலயே ஒட்டி வையுங்க” என்று சொல்லி, ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்ப அந்தச் சாவீட்டுக்கே போனா.

அவர் வந்து சேர்ந்தார். புயலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “நீ பயப்படுவாய் எண்டுதான் எழுதேல்லை” என்றார். இந்த மனிதரை என்ன செய்வது! இன்றைக்கும் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு முற்றத்தில்தான் இருக்கிறார்.

ராத்தா போன வருடம் மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டா. இப்போது பாலத்தால் கிண்ணியாவுக்குப் போய்வருவது பெரிய காரியமில்லை. போன மாதம் அவவின் மகளைப் பார்க்கப் போனபோது முத்திரை அல்பத்தைக் காட்டினாள். மொம்பாசா இருக்கும் கென்யாவுக்கான பக்கத்தில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மலை எல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு கட்டம் மட்டும் வெறுமை.

“யானை முத்திரை பிறகு கிடைக்கேல்லையா?” என்று கேட்டேன்.

மகள் கடைசிப் பக்கத்து உறையைக் கவிழ்த்தாள். ஏழெட்டு யானைகள் விழுந்தன.

“கிடைச்சது. ஆனா உம்மா அந்த இடத்தில ஒட்ட விடமாட்டா. அந்த யானை திருகோணமலைல, புருசன் பொஞ்சாதியோட இருக்குது எண்டு சொல்லுவா.”

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து உறையை எடுத்தேன். இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை விரலால் தடவினேன். முற்றத்தில் அவர் தேத்தண்ணி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.