ராடார் வேலைக்கு எதிராக ஒரு பிராது

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நான் மாட்டிக்கொண்டேன். யாரும் கதவைப் பூட்டவில்லை. என் வாய்தான் காரணம்.

வடக்கே ஒரு பெரிய விமான நிலையத்தில், ராடார் அறையில் எனக்கு வேலை. இருட்டான அறை, வட்டக் கண்ணாடித் திரை, அதில் பச்சைப் புள்ளிகளாக விமானங்கள். வெளியே ஏரியல் ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் புள்ளி இடம் மாறும். இடைப்பட்ட நொடிகளில் விமானம் எங்கே இருக்கிறது என்பது ஊகம்தான். வெளிநாடுகளில் அருகருகே இரண்டு ஓடுபாதைகள் போட்டு, இரண்டு விமானங்களை ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று கொஞ்சம் விலகி மற்றதன் வழிக்குள் நுழைந்தால் அடுத்த சுற்றில்தான் தெரியும். தெரிந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. அந்த வேலையைக் கற்றுவர என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லீவில் ஊருக்குப் போய் வீட்டில் சொல்லிவிட்டு, குறித்த கெடுவுக்குள் சம்மதம் என்று தந்தி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அம்மா பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கும் மண் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை. முழங்கை வரை வெள்ளை மண்ணோடு வந்தவளை உட்கார வைத்து, இரண்டு சொம்புகளைத் தரையில் பக்கம் பக்கமாக நகர்த்திக் காட்டி விளக்கினேன். வேலையின் பெருமை அவளுக்குப் புரிய வேண்டுமே என்று, சில நாட்களுக்கு முன் நடந்ததையும் அவிழ்த்துவிட்டேன். திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிட்டன. எது எந்த விமானம் என்று தெரியவில்லை. ஒரு விமானியை வேறு பக்கம் திரும்பச் சொன்னேன். அடுத்த சுற்றில் புள்ளி இரண்டாகப் பிரிந்தது.

"நீ சொல்லாம வுட்டிருந்தா?"

"ரெண்டும் மோதியிருக்கும். அதுக்குத்தான் நான் இருக்கேன்," என்றேன், பெரிய சூரன் மாதிரி.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் போலீஸ், கோர்ட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். குறையைத் தாளில் எழுதிச் சாமி காலடியில் வைத்து, வேலில் கட்டிவிட்டால் விசாரணை அவர் பொறுப்பு. அம்மாவோடு கூடப் போன பக்கத்து வீட்டு அக்கா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பிராது உங்க வேலை மேலதான். அந்த எடத்த வுட்டு எம்புள்ளைய எடுத்துடணும்னு எழுதச் சொன்னாங்க. தீர்ப்பு ஆவுற வரைக்கும் ஊர வுட்டுப் போயிடாதீங்க."

எனக்குச் சாமி பயம் கிடையாது. ஊருக்கு இருந்ததே! டீக்கடையில் உட்கார்ந்தால், "சாமி என்னா சொல்லுது?" என்பார்கள். சும்மா ஜங்ஷன் பக்கம் நடந்தால்கூட, தெரிந்த போர்ட்டர் என் கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். "பிராது நிக்கிறப்ப எங்க தம்பி கெளம்பிட்டீங்க?" எல்லாத் திசைக்கும் ரயில் போகிற ஊரில், நான் மட்டும் சூளைப் புகையை முகர்ந்துகொண்டு கிடந்தேன். அம்மா வேளா வேளைக்குச் சோறு போட்டாள். தந்திக்கான கெடு நெருங்க நெருங்க எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏம்மா, விமானத்துலேர்ந்து உழுந்து செத்துடுவேன்னு பயமா? தரையில குந்திக்கினு திரையப் பாக்குற வேலைம்மா இது!"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"நீ செத்தா அழுவேன்டா. அழுதுட்டு நானும் போய்ச் சேந்துடுவேன். உன்னால நூறு பேரு செத்தா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு யாரு வூட்டு வாசல்ல போயி நான் அழுவேன்?"

அந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றான நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. கண்ணை மூடினால் ஏரியல் சுற்றும், ஆனால் சுற்று முடியாது. புள்ளி பிரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை, படித்தவன், எப்படிச் சொல்வது? அம்மாவைத் திட்டுவது சுலபமாக இருந்தது. கெட்டுப்போகிறதே என் வாழ்க்கை என்று கடைத்தெருவில் கண்டவர்களிடமெல்லாம் புலம்பினேன். அவர்களும் பாவம் என்று தலையாட்டினார்கள்.

கெடுவின் கடைசி நாள் வந்தது. அம்மா காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எழுந்திரு. சாமிகிட்ட சொல்லிப் பிராத வாபஸ் வாங்கிடறேன். நீ இப்பிடிக் கெடக்கறதப் பாக்க முடியில. வர்ற வழியில தந்தி ஆபீசுக்குப் போயி அடிச்சிடு."

கதவு திறந்தே இருந்தது. மணவாளநல்லூர் பஸ் வரும் நேரம். தந்தியில் எழுத வேண்டிய வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். நான் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வெயிலு ஜாஸ்தியா இருக்குதும்மா," என்றேன். "நாளைக்குப் போவலாம்."