பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த குரல்

அழித்துவிட்ட குரலுக்கு என் நான்கு வயது மகள் இன்னும் பதில் சொல்கிறாளே, எப்படி?

நாங்கள் அணுபுரத்தில் வசிக்கிறோம். கேம்ஸ் விளையாடுவதற்காக என் கணவர் பாகங்கள் வாங்கி, முதன்முறையாக தானே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார். கிராபிக்ஸ் கார்டின் விலை கையைக் கடித்தது. "ஹார்டு டிஸ்க்கை மட்டும் பழசா வாங்கிக்கலாமே" என்றேன். செங்கல்பட்டுக் கடையில் ஒன்று கிடைத்தது.

கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஒரு சிறுமியின் குரல், "வா, வெளையாடலாம்" என்றது. முன்பு வைத்திருந்தவர்கள் பதிவு செய்தது. என் மகள் உடனே, "இரு அக்கா, வரேன்" என்பாள். பயத்தில், டிஸ்க் முழுவதையும் அழிக்கச் சொன்னேன். அவரும் அழித்தார்.

மறுவாரம் கடைக்காரர் போன் செய்தார்.

"அந்த டிஸ்க்க வெச்சிகினு கீறீங்களாம்மா? திருவிடந்தைலேர்ந்து ஒரு அம்மா வந்துகீது. செத்துப்போன பொண்ணு பேசனது அதுல மட்டுந்தான் கீதாம். வூட்ல தெரியாம வித்துட்டாங்களாம்."

அந்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டோம். இப்போது இருப்பது புதிது. இருந்தும், கம்ப்யூட்டரைப் போட்டதும் மகள் சற்று நின்று, "இரு அக்கா, வரேன்" என்கிறாள்.

பழைய பொருள் எது வாங்கினாலும், விற்றவரைக் கேட்காமல் இப்போது நான் எதையும் அழிப்பதில்லை.

அழித்ததை மீட்க வழி தெரிந்த வாசகர்கள் எழுதுங்களேன். டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும்தான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.