ஈரலுக்குப் பலகாரம் தெரியாது

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வந்ததும் சிறுநீர் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முட்டி அரை மணி நேரம் ஆயிற்று. கூப்பிடவில்லை. தஞ்சாவூரில் அந்த ஸ்கேன் அறை வராந்தாவில் என்னைப் போல் பதினோரு பேர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குப் பயமும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

நான் ஏழாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நாளைக்கு அதே வராந்தாவில் அதே ரிப்போர்ட்டோடு இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

ஊர் குடவாசல் பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் பைப் வேலை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தை நான்தான் பார்க்கிறேன். அந்த வருஷம் நடவில் குனிந்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். சாப்பிட்டால் அசதி. அதற்குத்தான் போனேன்.

பாரம் வாயுவாம். நாலு நாள் மாத்திரையில் போய்விட்டது. ஆனால் ஸ்கேனில் வேறொன்று அகப்பட்டது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஃபேட்டி லிவர்ம்மா. ஈரல்ல கொழுப்பு. கிரேடு ரெண்டு."

ஃபேட்டி லிவர் (ஈரலுக்குள் கொழுப்புப் படிவது) மூன்று படியாம். நான் நடுப்படியில் நின்றேன். கூடவே ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. (ஈரல் நொந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு நொதி) அறுபத்திரண்டு. கொஞ்சம் கூடுதல்.

"இந்தப் படியிலேருந்து திரும்பி வந்துடலாம். அப்படியே விட்டா சில பேருக்கு ஃபைப்ரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) ஆயிடும். ரொம்ப இறுகிட்டா திரும்பறது கஷ்டம்."

எனக்கு அது புரிந்தது. நான் படுத்தால் குத்தகை நிலம் கை மாறும். வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஆகவே இறுகக் கூடாது. அவ்வளவுதான் நான் நினைத்தது.

"மாத்திரை?"

"மாத்திரை இல்ல. எழுபத்தெட்டு கிலோ இருக்கீங்க. ஆறேழு கிலோ குறையுங்க. தினம் வேகமா நடங்க. டீக்குச் சர்க்கரை வேணாம். சோறு ஒரு வேளை போதும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

மாத்திரை இல்லாத வியாதியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எங்கள் நடவுக் கூட்டத்தில் வசந்தா அக்கா மூத்தவர். வாயும் மூத்தது. வரப்பில் உட்கார்ந்து சொன்னேன்.

"ஈரலா? அது குடிகாரனுக்கில்ல கெடும்? நீ எப்ப குடிச்சே?"

"மாதா கோயில் பூசையில சாமியார் திராட்சை ரசம் குடிக்கிறதைப் பாத்ததோட சரிக்கா."

"பாத்ததுக்கே கெட்டுப்போச்சா! என்னவாம், புண்ணா?"

"கொழுப்பாம்."

அக்கா சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடியே! அது உனக்கு வாயிலதான்னு இத்தன நாளும் நெனைச்சேன். உள்ளாறயுமா இருக்கு?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் எதற்காவது குரலை உயர்த்தினால், "விடுங்கடி, அவளுக்கு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க" என்பார்கள். ஒரு தரம் கிரேடு இரண்டு என்றால் எதற்கு இரண்டாவது என்று ஒருத்தி கேட்டாள். வாய்க்கு அடுத்து ஈரல் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் ஒரே கேள்விதான்.

"மாத்திரையே தரலையா? என்ன டாக்டரு அது?"

இரண்டு வாரத்தில் ஊருக்கு வந்த ஒருத்தரிடம் ஒரு டப்பா கொடுத்துவிட்டார். அடுத்து வந்தவரிடம் இரண்டு. பிறகு இன்னொன்று. ஒன்றில் பச்சைக் காப்ஸ்யூல். ஒன்றில் ஏதோ முள்செடி விதை. ஒன்று மீன் எண்ணெய். நாலாவதில் என்ன என்று யாராலும் வாசிக்க முடியவில்லை. மூடியைத் திறந்தால் மாட்டுத் தீவன வாடை. எல்லா டப்பாவிலும் ஈரல் படம் மட்டும் சிவப்பாக, பளபளவென்று இருந்தது. என் ஸ்கேன் படம் அப்படி இல்லை.

நான் விழுங்கினேன். வெயிலில் நிற்கிற மனுஷன் அனுப்பியது. ஒதுக்கி வைக்க மனசு வரவில்லை.

வசந்தா அக்கா தன் பங்குக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். எனக்கு மஞ்சள் காமாலை இல்லை என்றேன். "வராம இருக்கக் குடி" என்றார். குடித்தேன்.

சோறும் ஒரு வேளைதான். அதில் நான் கெட்டி. எங்கள் வீட்டில் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. மதியம் மட்டும் சோறு. டாக்டரம்மா மூன்று மாத ஒருசந்தி சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மூன்று மாதம் கழித்து எடை எழுபத்தொன்பது. எஸ்.ஜி.பி.டி. நூற்று நாற்பத்தெட்டு.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"என்ன சாப்பிடறீங்க?"

"ஒரு வேளைதாங்க. ஒருசந்தி."

"காலையில?"

"சாப்பிடறதில்லிங்க. நாலு இட்லி."

"ராத்திரி?"

"சாப்பாடு கெடையாதுங்க. தோசை ஊத்திக்குவேன். இல்லைன்னா அரிசி உப்புமா."

"சாயங்காலம்?"

"ரெண்டு கொழுக்கட்டை. அது பலகாரந்தானேங்க."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"இட்லி எதுலம்மா செய்யறீங்க?"

"அரிசியில."

"கொழுக்கட்டை?"

"அரிசி மாவு…"

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சோறு வேற, பலகாரம் வேறங்க."

"உங்களுக்கு வேற. ஈரலுக்குப் பலகாரம் தெரியாதும்மா. உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

நர்சுப் பெண் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

ஒருசந்தி நாளில் பலகாரம் கணக்கில் வராது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கணக்கில் வைத்ததில்லை. அப்படியே நாற்பத்தாறு வயது வரை வந்துவிட்டேன். நெல் விளைகிற ஊர்க்காரர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். சோற்றைக் குறைத்தேன் என்கிறவர் வீட்டில் மாவு டப்பா எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. "சாப்பாட்டுல இவ்வளவு ஏறாது. வேற மருந்து எதுவும் எடுத்துக்கறீங்களா?"

"மருந்து இல்லிங்க."

"நாட்டு மருந்து, சத்து மாத்திரை?"

நாலு டப்பாவையும் கீழாநெல்லியையும் சொன்னேன்; கொண்டு வரச் சொன்னார். மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. மஸ்கட்டிலிருந்து வந்ததை நான் மருந்தாகவே நினைக்கவில்லை. இட்லி கதைதான் மறுபடியும்.

மறுநாள் மஞ்சப்பையில் நாலு டப்பாவும் கீழாநெல்லி பாட்டிலும் கொண்டு போனேன். ஒவ்வொன்றாக வாசித்தார். பச்சைக் காப்ஸ்யூலைத் தனியே நகர்த்தினார். பச்சைத் தேயிலையைச் சுண்டக் காய்ச்சி எடுத்த சாரமாம். தேநீராகக் குடித்தால் பயமில்லை, இப்படிச் செறிவாக எடுத்தால் சில பேருக்கு ஈரலையே நோகடிக்கும் என்றார்.

"ஈரலுக்கு நல்லதுன்னு போட்டிருக்கேங்க."

"போட்டிருக்கும்மா. இந்த விதை மாத்திரையும் எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல ஆதாரம் பத்தாது. அஞ்சையும் ஒண்ணா எடுத்தா எது என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியாது. எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒரு மாசத்துல ரத்தம் பாப்போம். குறையலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

சத்து மாத்திரை எல்லாமே கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். சில பேருக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பதுண்டாம். கேட்காமல் விழுங்கியதுதான் என் தப்பு.

பஸ்ஸில் வரும்போது பை மடியில் இருந்தது. ஈரலைவிட அந்தப் பைதான் கனத்தது. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

வசந்தா அக்கா வழி சொன்னார். "தின்னுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லிடு. தவிட்டோட கலந்து கோழிக்குப் போடு."

"கோழிக்கு ஈரல் இல்லையாக்கா?"

அக்கா கோழியைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆறு நாள் சொல்லாமல் இருந்தேன். ஏழாம் நாள் அவர் வீடியோவில் இன்னொரு டப்பாவைக் காட்டினார். ஊருக்கு வருகிற பழனிசாமி கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இனியும் தள்ள முடியாது.

"ஏங்க, அது வேணாம்."

"ஏன்? இது போன தடவையை விட ஒசத்தி."

"ரத்தத்துல ஏறியிருக்கு. அந்த மாத்திரையாலயும் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். பின்னால் மின்விசிறி ஓடியது. பிறகு, "விசாரிச்சுத்தானே அனுப்பினேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"ரூம்ல ஒருத்தன். தண்டால் எடுக்கிறவன். அவன்தான் தெனம் போடறான்."

"அவனுக்கு ஈரல்ல என்ன?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப அவன் ஏன் திங்கிறான்?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் கேட்டார். "அப்ப நான் இங்கேருந்து என்னதான் புள்ள அனுப்பறது?"

"நாளைக்குக் காலையில கூப்புடுங்க. நான் நடக்கப் போகணும். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றேன்.

எங்கள் பக்கம் பொம்பளை வேலை இல்லாமல் வெறும் கையோடு வேகமாக நடந்தால், எந்த வீட்டில் துக்கம் என்று கேட்பார்கள். முதல் வாரம் முழுக்கக் கேட்டார்கள். கையில் மண்வெட்டி எடுத்துப் பார்த்தேன். அப்போது எந்த மடை உடைந்தது என்று கேட்டார்கள். காதில் போனை வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஆறரை மணி என்றால் அவருக்கு ஐந்து. வேலைக்குப் போகிற வண்டி வருமுன் அவர் தங்கியிருக்கிற கேம்ப் மதிலைச் சுற்றி நடப்பார். நான் வாய்க்கால் கரையில் பாலம்வரை போய்த் திரும்புவேன். பேச அதிகம் இருக்காது. தண்ணீர் வந்துவிட்டதா என்பார். வந்துவிட்டது என்பேன். அவருக்கு மூச்சு வாங்குவது கேட்கும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்ததில்லை.

காலையில் இரண்டு இட்லி, கிண்ணம் நிறையச் சாம்பார். மதியம் ஒரு கரண்டிச் சோறு, மீதிக்குக் கீரையும் காயும். இரவு பயறு, மோர். மீன் உண்டு, குழம்பாக. டீக்குச் சர்க்கரை இல்லை. முதல் பத்து நாள் அந்த டீயைக் குடிக்கையில் யாரையாவது திட்டத் தோன்றும். திட்டியும் இருக்கிறேன். கூட்டத்தில் காரணம் தெரியும் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. எழுபது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. குறுவை அறுத்து, அடுத்த பயிரும் நட்டு முடித்தபோது எடை எழுபத்தொன்று. மறுபடி அதே வராந்தா, அதே தண்ணீர். இந்தத் தடவை பக்கத்தில் இருந்த அம்மாளிடம் நானே பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, சிரிக்க வைக்காதே, தாங்காது என்றார்.

கிரேடு ஒன்று. ரத்தம் சரியான அளவில்.

"திரும்பிட்டு வருது. இன்னும் முழுசா இல்ல. இதையே விடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"எது வரைக்கும்?"

"எது வரைக்கும் சாப்பிடுவீங்களோ, அது வரைக்கும்."

வீட்டுக்காரர் விடுப்பில் வந்தார். முதல் நாள் காலை இரண்டு பேரும் கரையில் இறங்கினோம். நூறடி போனதும் பின்னால் குரல்.

"நில்லு புள்ள. ஓடறே."

"நடக்கத்தாங்க செய்யறேன்."

"போன்ல இவ்வளவு வேகம் தெரியலையே."

நின்றேன். அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அவர் வந்து சேரட்டும் என்று நான் நின்றது அதுதான் முதல் தடவை. அவசரம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் எனக்கு நாற்று வயசு தெரியும், கதிர் வயசு தெரியும். என் வயசு ரேஷன் கார்டில்தான் இருந்தது. இப்போது உடம்பும் தன் பருவத்தில் மெதுவாக ஒன்றைச் செய்கிறது என்று தெரிகிறது. விரட்டினால் நடக்காது. விட்டாலும் நடக்காது.

ஈரல் கெட்டபோது வலிக்கவில்லை. தேறும்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தமில்லாமல் பாடுபடுகிற ஒன்று விலாவுக்குள் இருக்கிறது. அதை நம்பி நடக்கப் பழகிவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்தார். என் கையிலிருந்த போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"பாலம் வரைக்கும்."

"அப்புறம்?"

"திரும்பணுங்க."