ஈரக்காற்றில் அளந்த கோதுமை

ரோக்கா துறையில் நொஃப்ரியோவை வாய் செத்த மனுஷன் என்பார்கள். அவர் வாய் திறப்பது தானியம் அளக்கும்போது மட்டும்தான். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். ‘கடவுள் பேரால்’ என்பார். பிறகு இரண்டு, மூன்று என்று கரகரத்த குரலில் ராகம் போட்டு எண்ணிக்கொண்டே போவார். கோலால் ஒரே இழுப்பில் தலைதட்டுவார். ஒரு மணி கூடாது, குறையாது. பாகம் பிரிக்கும்போது மண்டையை உடைத்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள்கூட அவர் அளந்தால் பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

சிசிலியின் தெற்குக் கரையில் அந்தக் காலத்தில் கோதுமை விதைத்தவனுக்குச் சொந்தம் என்பது பேச்சுக்குத்தான். விற்க வேண்டியதை ராஜாவின் கிடங்குக் குழியில் கொட்ட வேண்டும். பலெர்மோவிலிருந்து வைசிராயின் சீட்டு வந்தால்தான் அது கப்பலேறும். கடலோரக் குழியில் கிடக்கும் கோதுமை உப்புக்காற்றுப் பட்டுக் கொஞ்சம் பருக்கும். கொட்டியவனுக்குக் கொட்டிய அளவே திரும்பக் கிடைக்கும், பருத்தது ராஜாவுக்கு. அதிலிருந்து அளப்பவர்களுக்கு ஆளுக்கொரு தொப்பி நிறையக் கொடுப்பது வழக்கம். ஸ்பெயினில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு எங்கள் ஊர்க் காற்றுகூடச் சம்பாதித்துக் கொடுத்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வைசிராய் துறையை அடைத்தார். அடுத்த அறுப்பு வரை ஊர் சாப்பிட வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்தால் மட்டும் வெளியே அனுப்பலாம் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் மிச்சம் உண்டா இல்லையா என்று அளந்து சொல்லும் பொறுப்பு கிடங்கு அதிகாரி டான் காஸ்பாரேயின் கையில் இருந்தது. அவரோ கோதுமை வாங்க வந்திருந்த ஜெனோவாக் கப்பல்காரனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்.

காஸ்பாரே அவசரப்படவில்லை. தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும் வாரத்துக்காகக் காத்திருந்தார். சுவரெல்லாம் வியர்த்து, வைத்த ரொட்டி வைத்த இடத்தில் பூசணம் பிடிக்கிற காற்று அது. கோதுமையைக் குழியிலிருந்து எடுத்துக் கரையோரக் கொட்டகையில் பரப்பிப் போடச் சொன்னார். அது நன்றாக ஈரம் குடித்த பிறகுதான் நொஃப்ரியோவுக்கு ஆள் அனுப்பினார்.

ஒரு பிடி அள்ளியதுமே நொஃப்ரியோவுக்கு விளங்கிவிட்டது. மணி மெத்தென்று இருந்தது. விரலிடுக்கில் சலசலவென்று உதிரவில்லை. வடக்குக்காற்று திரும்பினால் இவ்வளவும் சுருங்கிப்போகும். இப்போது மரக்காலை நிரப்பும், பிறகு வயிற்றை நிரப்பாது.

"ஐயா, காத்து மாறட்டுமே. கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்" என்றார்.

"நீ அளக்குறவன். காத்தைப் பத்தி உன்னை யாருப்பா கேட்டா?" என்ற காஸ்பாரே, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தத் தடவை தொப்பிக் கணக்கெல்லாம் வேண்டாம், அளப்பவர்கள் ஆளுக்கொரு மூட்டையாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டில் மாவுப்பெட்டி காலி. அன்று காலையில்தான் மனைவி பெத்தா அதன் அடியைச் சுரண்டி எடுத்திருந்தாள். நொஃப்ரியோ கோலைக் கையில் எடுத்தார். கடவுள் பேரால் என்று ஆரம்பித்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு மரக்காலும் தலைதட்டி அளந்ததுதான். இதையேதான் பின்னால் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனசு கேட்கவில்லை.

ஊர்ச் சாப்பாட்டுக்கு உள்ளதைத் திரும்பக் குழியில் கொட்டிய பிறகும் மிச்சம் இருப்பதாகக் கணக்கு வந்தது. சீட்டும் வந்தது. படகில் மூட்டை ஏறத் தொடங்கியதும் பெண்கள் கரையில் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு வென்னெரா இடுப்பில் பிள்ளையோடு முன்னால் நின்று, எங்கள் பிள்ளைகள் வாயில் மண்ணையா போடுவது என்று கத்தினாள். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். சிப்பாய்கள் அதட்டியும் ஒருத்தியும் நகரவில்லை. நகர்த்தியவள் பெத்தா.

"என் வீட்டுக்காரரு அளந்தது. ஊருக்கு வேணுங்கறது குழிக்குள்ள பத்திரமா இருக்குடி. அவரு தப்பா அளப்பாரா?"

வென்னெரா திரும்பி நொஃப்ரியோவைப் பார்த்தாள். "அண்ணே, நெசமாவா?"

அவர் தலையை ஆட்டினார். பெண்கள் கலைந்து போனார்கள். அந்த ஒரு தலையாட்டலுக்கு இருந்த மதிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வடக்குக்காற்று வந்தது. குழிகளைத் திறக்கத் திறக்கக் கணக்கு உதைத்தது. மிச்சம் என்று கப்பலேறிப் போனது, ஊர் பனிக்காலத்தில் சாப்பிட வேண்டியது. ரொட்டி முதலில் சிறுத்தது. பிறகு தவிடும் அவரை மாவும் கலந்து வந்தது. கடைசியில் ரொட்டிக்காரன் அடுப்பே மூட்டவில்லை. எலி தின்றுவிட்டது என்றார் காஸ்பாரே. ஊர் ஜெனோவாக்காரனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துச் சபித்தது. நொஃப்ரியோவை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்துத் தின்றது.

வென்னெராவின் சின்னப் பையன் போய்விட்டான். காய்ச்சல் என்றார்கள். பட்டினி கிடந்த உடம்புக்கு எது வந்தாலும் அதற்குக் காய்ச்சல் என்றுதான் பெயர்.

அடக்கம் முடிந்த மறுநாள், தன் மூட்டையில் மீந்திருந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு, பெத்தா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், நொஃப்ரியோ தெருவைக் கடந்தார். எல்லாவற்றையும் சொன்னார். மெத்தென்றிருந்த மணி, காஸ்பாரே கொடுத்த மூட்டை, கரையில் தலையை ஆட்டியது. பிறந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை.

வென்னெரா மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். திரும்ப உள்ளே போட்டாள். மூட்டையைச் சுவரோரமாக இழுத்து வைத்தாள். மூத்த பெண் ஒருத்தி இன்னும் இருந்தாள், அவள் சாப்பிட வேண்டும்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"சொல்லாதீங்க. அந்த ஜெனோவாக்காரனைத் திட்டிக்கிட்டுத்தான் நான் எழுந்து நடமாடுறேன். அவன் எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான். நீங்க எதிர்வீட்ல இருக்கீங்க."

அவர் இருந்தவரை அவளும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த அறுப்புக்கும் ஊர் நொஃப்ரியோவைத்தான் அளக்கக் கூப்பிட்டது. அவரும் போனார். சாகும்வரை அதே வீட்டில்தான் இருந்தார். காலையில் வென்னெரா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகும் சத்தம் தேய்ந்த பிறகுதான் தன் கதவைத் திறப்பார்.