குந்திப் பார்த்த கேரியர்

ஏசுபாதம் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. பொழிச்சலூரில் பிறந்த மனுஷர். ஐம்பத்து மூன்று வருஷமாகத் தலைக்கு மேல் விமானம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்றில்கூட ஏறியதில்லை. ஆனால் டான்யூப் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை எங்கே கரை மாறுகிறது, எந்த இடத்தில் சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரை போக வேண்டும், எந்தத் திருப்பத்தில் பாறைமேல் மஞ்சள் மடாலயம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சொல்வார். அளக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அத்தனையும் போட்டோவில் பார்த்தது.

அவர் வேலை செய்வது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், மெர்வின் சாரின் சின்னப் பட்டறையில். பத்தொன்பது வருஷ வேலை. அங்கே செய்வது சைக்கிள் கேரியர். நம் ஊர்ச் சைக்கிளுக்கு இல்லை, வெளிநாட்டில் நெடுந்தூரம் போகிறவர்களின் சைக்கிளுக்கு. அங்கே ரிட்டையர் ஆனவர்கள்கூடக் கூடாரம், அடுப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டுக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, ஆற்றங்கரையாகப் பத்து நாள் இருபது நாள் மிதிப்பார்களாம். ஜெர்மனியில் ஒரு வியாபாரி பட்டறையிலிருந்து கேரியர் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். வாங்கியவர்களில் சில பேர் நன்றி சொல்லிப் போட்டோ அனுப்புவார்கள். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் சத்யபிரியா அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, எந்த ஊர், எந்த ஆறு என்று தமிழில் படித்துக் காட்டுவாள். ஏசுபாதம் டீ குடிக்கிற பத்து நிமிஷமும் அந்தச் சுவர்முன்தான் நிற்பார்.

சுகுமார் வெல்டர். அனகாபுத்தூர்க்காரன், ஏசுபாதத்தை அண்ணா என்று கூப்பிடுகிறவன். சும்மா சொல்லக் கூடாது, அவன் வெல்டு வைத்தால் தையல் மெஷினில் அடித்ததுபோல வரும். அவன் ஒட்டியதைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டியது ஏசுபாதம். நூறு கேரியருக்கு மூன்றை எடுத்து, இருபத்தைந்து கிலோ மாட்டி, குலுக்கு மெஷினில் எட்டு மணி நேரம் குலுக்க வேண்டும். கேரியரின் கீழ்க்காலில், வெல்டு வைத்த இடத்தில், கீறல் விழாமல் இருந்தால் அந்த நூறும் கப்பல் ஏறலாம்.

போன வருஷம் கத்திரி வெயிலில் குலுக்கு மெஷினின் மோட்டார் புகைந்துபோயிற்று. ஏசுபாதம் இரண்டு தடவை போய்ச் சொன்னார். இந்த ஷிப்மென்ட் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் மெர்வின் சார். சரி, என்ன செய்வது? ஏசுபாதம் கேரியரைத் தன் சைக்கிளில் மாட்டினார், சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறிக் குந்தினார். எழுபத்தெட்டு கிலோ உடம்பு. இரண்டு தடவை எம்பி எம்பி உட்கார்ந்தார். கேரியர் அசையவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, நம்புங்கள். நமக்குக் கேரியர் என்றால் ஆள் உட்காருகிற இடம். மனைவி அமலராணிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆட்டோ கிடைக்காமல், கேரியரில் உட்காரவைத்துக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர் அவர். இருபத்தைந்து கிலோவுக்கு எட்டு மணி நேரச் சோதனையா என்று அவருக்கு முதலிலிருந்தே சிரிப்புதான். மேலிருந்து அழுத்துகிற பாரம் வேறு, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க ஆடுகிற பாரம் வேறு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் குந்தினார். அப்படியே நூறு நூறாக ஐந்து லாட் போயிற்று.

இந்த வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வியாபாரி மூலமாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வெர்னர் என்ற பெரியவர். அவரும் மனைவி மார்கிட்டும் டான்யூப் கரையில் வியன்னாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஆறாம் நாள் மார்கிட்டின் கேரியர் கீழ்க்காலில் முறிந்தது. பை சக்கரத்துக்குள் போய்ச் சைக்கிள் அப்படியே நின்றுவிட, அந்தம்மாள் சரிவில் விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அறுபத்தொன்பது வயசு.

பெரியவர் திட்டவும் இல்லை, நஷ்டஈடு கேட்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அவர்கள் கிளப்பில் இன்னும் மூன்று பேர் இதே கேரியர் வைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை ரைன் நதி பிறக்கிற மலைக்கணவாயிலிருந்து கடல்வரை கிளம்புகிறார்கள். முதல் நாளே இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறக்கம். இந்தக் கேரியரை நம்பி அவர்கள் இறங்கலாமா? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், போதும்.

அந்தக் கணவாயின் போட்டோவும் சுவரில் இருந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஏசுபாதம் அதன்முன் போய் நின்றார்.

மெர்வின் சார் கெட்டவர் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் வீடு, சபையில் கமிட்டி மெம்பர், யாரையும் அதட்டாத மனுஷர். பயம்தான் அவரைப் பேசவைத்தது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருப்பார்கள், நம் கேரியர் முறைப்படி சோதித்தது என்று பதில் எழுதச் சொன்னார். அதோடு சோதனைச் சான்றிதழின் புதுப் பிரதி ஒன்றையும் அடிக்கச் சொல்லி ஏசுபாதத்தின் முன் வைத்தார்.

“ஏற்கெனவே போட்ட கையெழுத்துதானே, ஏசுபாதம். திரும்ப ஒரு தடவை போடு.”

ஏசுபாதம் போடவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் போடுகிறேன், மூன்று நாள் லீவு கொடுங்கள் என்றார். போகும்போது, முறிந்த கேரியரின் லாட்டில் மிச்சமிருந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை விடிந்ததும் அதைத் தன் சைக்கிளில் மாட்டினார். இரண்டு பையில் எம்-சாண்ட் மணல் நிரப்பி, பக்கத்துக்குப் பன்னிரண்டரைக் கிலோ என்று தொங்கவிட்டார். அமலராணி வாசலில் நின்று பார்த்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். இந்த வயதில் முட்டி தாங்குமா என்று மட்டும் கேட்டு, மோர் பாட்டிலை நீட்டினாள். பல்லாவரம், தாம்பரம், வண்டலூர், அங்கிருந்து திரும்பிக் கேளம்பாக்கம், கடைசியில் கோவளம். மூன்று நாளும் இதே வழி, போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். ரோடு நன்றாக இருந்தால் இறங்கி மண்ணில் ஓட்டினார். பள்ளத்தைக் கண்டால் எல்லோரும் ஒதுங்குவார்கள், இவர் தேடிப்போய் அதில் இறக்கினார். பின்னால் வந்த பஸ்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

கோவளத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா, கடலாண்ட மணலு பத்தலன்னா மூட்டை கட்டிகினு வந்துகீற?” என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏசுபாதமும் சிரித்தார். அந்த மூன்று நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வழி நெடுக அவர் மனசில் ஒரே வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது, கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கேரியர் தாங்க வேண்டும் என்று இல்லை. மாதாவே, இது முறிந்துவிடட்டும் என்றுதான் வேண்டினார். முறிந்தால் காட்டிவிடலாம். இதோ பாருங்கள், முறிந்துவிட்டது, அவர்களைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கையில் கொடுத்துவிடலாம். தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டி வராது.

அது முறியவில்லை. முதல் நாளும் தாங்கியது, இரண்டாம் நாளும் தாங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் கேளம்பாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து, வெல்டு வைத்த இடத்தைத் துடைத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மயிரிழைக் கீறல்கூட இல்லை. முட்டி வீங்கி, உள்ளங்கை தோலுரிந்து உட்கார்ந்திருந்தவருக்கு அழுகை வந்தது. சாமி அவருக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுத்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், தாங்கியது என்று எழுதலாம், பொய்யே இல்லை. ஒரு பயல் கேட்க முடியாது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அன்றைக்குக் கேளம்பாக்கத்திலிருந்து பொழிச்சலூர்வரை அவர் அந்தப் பயத்தோடுதான் மிதித்தார்.

சனிக்கிழமை காலை மெர்வின் சார் அவர் நொண்டி வருவதைப் பார்த்துப் பதறி, நாற்காலி போட்டார். ஏசுபாதம் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். இருநூற்று நாற்பது கிலோமீட்டர், முழுப் பாரம், கீறல் இல்லை.

மெர்வின் சார் கண்ணை மூடி, ஸ்தோத்திரம் என்று மூச்சு விட்டார். பேனாவை எடுத்து நீட்டினார்.

“இது தாங்கிச்சு சார்,” என்றார் ஏசுபாதம். “அங்க போனதை நான் குலுக்கிப் பாக்கல. குந்தித்தான் பாத்தேன். அத எழுதச் சொல்லுங்க.”

பிறகு சத்யபிரியா கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். மெஷின் ஓடவில்லை. நான் ஏறி உட்கார்ந்து பார்த்து நல்லது என்று கையெழுத்துப் போட்டேன். என் பெயர் ஏசுபாதம். உங்கள் நண்பர்கள் கிளம்ப வேண்டாம். மார்கிட் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மோட்டாரைப் பற்றி இரண்டு தடவை சொன்னதை அவர் எழுதச் சொல்லவில்லை. சத்யபிரியா அதை ஞாபகப்படுத்தியபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

மெர்வின் சார் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். இன்னொரு தடவை படித்தார். இது போனால் அந்த வியாபாரம் போயிற்று என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சத்யபிரியாவை எழுந்திருக்கச் சொல்லி, தானே உட்கார்ந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மெஷின் கெட்டது எனக்குத் தெரியும், பொறுப்பு என்னுடையது. சேர்த்ததும் அனுப்பிவிட்டார்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. மூன்று பேரும் கேரியரைக் கழற்றிவிட்டார்கள், பயணம் தள்ளிப்போயிற்று. மார்கிட் வாக்கர் பிடித்து நாலு அடி நடக்கிறாள். வெர்னர் வேறொன்றும் எழுதவில்லை. ஏசுபாதம் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவதுபோல நின்று வெகுநேரம் அழுதார்.

வியாபாரி எல்லாக் கேரியரையும் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தை முறித்தார். சுவரில் போட்டோ அப்படியே இருந்தது, பட்டறையில் பள்ளிக்கூட பெஞ்சுக்குக் கால் செய்தார்கள். அதற்கு, இருந்த இரண்டு வெல்டரில் ஒருவர் போதும். வேலை தெரிந்தவன் வெளியிலும் பிழைத்துக்கொள்வான் என்று சுகுமாரைத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிழை செய்தவருக்கு வேலை இருந்தது. ஊர் நியாயம் அப்படித்தானே!

ஏசுபாதத்தால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவன் முகத்தில் விழிக்கக் கூச்சம். மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே அனகாபுத்தூர் போனார். சுகுமார் கட்டிலில் உட்கார்ந்து பழைய டிவி பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரும்புக் கேட் செய்கிற கடைகளில் நாள் கூலிக்குப் போவதாகச் சொன்னான். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வேலை போனது கெடக்கட்டும்ணா. மூணு நாளு வெயில்ல ஓட்டுனியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?”

ஏசுபாதம் விழித்தார். அவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. சுகுமார் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“போன வருசம் மெஷினு புகைஞ்சப்ப ரெண்டு நாளு கரண்டு டிம்மாவே வந்துகினு இருந்துச்சு. வெல்டு மேலாக்க ஒட்டுதே தவிர உள்ள எறங்கல. பாத்தா தெரியாது. வச்சவனுக்குத் தெரியும். நூறுல நாப்பது பீஸு. உன்னாண்ட சொல்லிப்புடலாம்னு எந்திரிச்சு வந்தேன். நீ அதுங்கள்ல ஒண்ணு மேல குந்திகினு, இன்னாடா, யானையே ஏறலாம்டான்னு சிரிச்ச.”

அவன் ஸ்குரூ டிரைவரைத் திரும்ப எடுத்தான்.

“அண்ணனே குந்திப் பாத்துட்டாரு, இனிமே நமக்கு இன்னா டவுட்டுன்னு திரும்பிப் போய்ட்டேன்.”

உள்ளேயிருந்து சுகுமாரின் மனைவி காந்திமதி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்று என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்த ஏசுபாதம், தான் செய்தது என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.