மிதிபடாத பனி

சுன்னிவா பின்பக்கமாகவே நடந்து வருவார். போன தடத்திலேயே ஒவ்வொரு காலாக வைத்து, மிதவைக் கம்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருபது அடி வந்த பிறகுதான் திரும்புவார். அதற்குள் யாராவது குறுக்கே வந்தால் தொலைந்தார்கள்.

நார்வேயின் ட்ரோம்சோ ஊர்க்காரி, வயது ஐம்பத்தெட்டு. கோட்டின் உள்பையில் பழுப்புப் பாலாடைக்கட்டியும் மாற்று பேட்டரியும் ஒன்றாகக் கிடக்கும். “ரெண்டுக்கும் குளிர் ஆகாது” என்பார்.

துருவக் கடலில் மிதக்கும் பனிக்கட்டியில் துளை போட்டுக் கம்பத்தை நட்டுவிட்டு வருவது அவர் வேலை. கம்பத்தின் உச்சியில் நாலு கைகள். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கருவி. அது கீழே ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு பனி ஏறியதா இறங்கியதா என்று மணிக்கொரு தரம் செயற்கைக்கோள் வழியே சொல்லும். பனிக்கட்டி போகுமிடமெல்லாம் கம்பமும் போகும். நட்ட அன்றைக்கு அடியில் எவ்வளவு பனி இருந்தது என்பதை மட்டும் மனிதர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

இன்று காலை நட்டு, அளந்து முடித்த கம்பத்தின் அடியில் பயணத் தலைவர் எய்ரிக் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார். தலைவர் என்றால் பனி அமுங்காதா என்ன? மூன்றாம் கைக்கு நேர் கீழே இரண்டு பூட்ஸ் பள்ளம், பதினோரு சென்டிமீட்டர் ஆழம்.

“ஒரு கைதானே சுன்னிவா? பதினோரு சென்டிமீட்டரைக் கூட்டிப் போட்டுக்கிட்டா போச்சு.”

“காத்து இந்தக் குழியை நாளைக்கே ரொப்பிடும். உடனே அங்க பனி கொட்டுச்சுன்னு கருவி சொல்லும். கொட்டாத பனி, தலைவரே! உங்க பூட்ஸைத்தான் ஊருக்கெல்லாம் பனின்னு காட்டணுமா?”

“அரை மணியில கப்பலை எடுத்தாகணும். பனிக்கட்டி விரிசல் விடுது. விட்டுட்டு வாங்க.”

“இந்தக் குளிர்காலம் பூரா இந்தப் பக்கத்துல இருக்கப்போறது இது ஒண்ணுதான். இதைப் பொய் சொல்ல நான் விடமாட்டேன். நீங்க வேணா போங்க.”

எய்ரிக் போய்விட்டார். சுன்னிவா தனியாளாகக் கம்பத்தைப் பிடுங்கி, சறுக்கு வண்டியில் போட்டு, நாற்பது அடி இழுத்துப் போனார். யார் காலும் படாத இடமாகப் பார்த்துப் புதுத் துளை போட்டார். வியர்த்து, மூச்சு வாங்கி, நார்வே மொழியில் உள்ள அத்தனை வசவும் தீர்ந்த நேரத்தில் கம்பம் நின்றது. கப்பல் ஊதியது.

“சுன்னிவா, ஏணியைத் தூக்கப் போறாங்க!” ரேடியோவில் எய்ரிக் கத்தினார். “அளக்கறதெல்லாம் வேணாம், ஓடி வாங்க!”

சுன்னிவா முழங்காலிட்டு, கையை எட்டுமட்டும் நீட்டி, முதல் கைக்குக் கீழே அளவுகோலை இறக்கினார். ரேடியோவை வாயருகே கொண்டுவந்தார்.

“எழுதிக்குங்க, தலைவரே. முதல் கை, முப்பத்தொண்ணு.”

ரேடியோவில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “முப்பத்தொண்ணு” என்றது ரேடியோ.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது. சுன்னிவா அளவுகோலை உருவி, அடுத்த கைக்குக் கீழே செருகினார்.