விரால் பார்க்கக் கேட்டவள்

தூண்டிலில் எதை மாட்டுவது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் நடந்த அளவுக்குச் சண்டை வேறு எதிலும் நடந்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாரும் மீன் சாப்பிடமாட்டோம். முட்டை விற்கிற கடையில் பிஸ்கட் வாங்கி வந்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்ட ஒரு திருநெல்வேலி டவுன் சைவ வீட்டின் புறவாசல் சுவரில் தூண்டில் கம்பு சாய்ந்து நிற்கும். பக்கத்து ஆணியில் தூண்டில் சாமான் பெட்டி தொங்கும். பெட்டி நிலைப்படி தாண்டக் கூடாது. மீன் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது. நானே கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். இது அம்மா போட்ட சட்டம், மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கிறுக்கை எனக்குப் பிடிக்கவைத்தவன் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன். ஊர் புன்னக்காயல். கடலோரம் பிறந்து வளர்ந்தவனைப் பாளையங்கோட்டையில் கோப்புகளுக்கு நடுவே உட்காரவைத்தால் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குக் கிளம்பிவிடுவான். "சும்மா கரையில வந்து இரும்வே" என்று ஒருநாள் என்னையும் கூட்டிப்போனான். தக்கை பொசுக்கென்று தண்ணீருக்குள் முங்கியதைப் பார்த்தேன், அன்றோடு சரி, நான் விழுந்தேன். பிடிக்கிற மீனை அவன் எடுத்துக்கொள்வான். அவன் வராத நாளில் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். "விடுததுக்கு எதுக்குவே பிடிக்கணும்?" என்று கேட்பான். நியாயமான கேள்வி.

தொண்ணூறுகளின் நடுவில் அவனுடைய காயல்பட்டினத்துக் கூட்டாளி ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தூண்டில் செட் கொண்டுவந்தார். வளைந்தால் வளைகிற, விட்டால் நிமிர்கிற கம்பு. நைலான் நரம்பு சுற்றிக்கொள்ள ரீல். ஒரு பெட்டி நிறையப் பொய் இரைகள். பெட்டியின் மூடியில் அண்டா வாய் பிளந்த ஒரு மீனின் படம். பாஸ் என்று பெயர் போட்டிருந்தது. வெளிநாட்டு ஏரிகளில் இருக்குமாம். நம் குளங்களில் அது ஏது? ஆனால் அதே குணம் இங்கே விராலுக்கு உண்டு. தாமரை இலைக்கடியில் அசையாமல் கிடக்கும், மேலே தவளை தாவினால் பாய்ந்து வந்து விழுங்கும். பாஸுக்குச் செய்த சாமான் விராலுக்குப் பொருந்தும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

புறவாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் தவளைகள், சுழலும் வெள்ளித் தகடுகள், மரத்தில் கடைந்த குட்டி மீன்கள். மாவு சலித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். பிறகு சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் நெசம்னு நெனச்சா வந்து கடிக்கும்? கூறுகெட்ட மீனா இருக்கும் போலுக்கே."

"உனக்கு இதெல்லாம் புரியாது. போயி மாவைச் சலி."

"இன்னைக்குத் தண்ணி எப்படிக் கெடக்கு?"

"ராத்திரி மழைல்லா. கலங்கலாத்தான் கெடக்கும்."

நான் சிவப்புத் தவளையைக் கையில் எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள்.

"இருட்டுன கர்ப்பக்கிரகத்துல எந்தப் பூ கண்ணுக்குத் தெரியும்? மஞ்சப் பூதான. செவப்பு இருட்டோட போயிருமே. மஞ்சளைக் கொண்டு போங்க."

மீன் தொட்டறியாத பொம்பளை எனக்குப் பாடம் நடத்துவதா என்று வீம்புக்குச் சிவப்பையே கொண்டுபோனேன். வெயில் ஏறும்வரை எறிந்து எறிந்து தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் எரிச்சலோடு மஞ்சளை மாட்டினேன். இரண்டாவது எறியிலேயே தண்ணீர் பிளந்தது. வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், என் முகம் சொல்லிவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் இட்லி வைக்கும்போதும் சிரித்தாள், துணி உலர்த்தும்போதும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு இரைத் தேர்வு முழுக்க அவள் கைக்குப் போய்விட்டது. தெளிந்த தண்ணீர் என்றால் பளபளப்பை ஒதுக்கிவிடுவாள். "வெள்ளனே பட்டுச்சேலை உடுத்திட்டுக் காய் வாங்கப் போனா சனங்க வெலகித்தான் போவாக" என்பாள். நரம்பு விஷயத்திலும் அப்படித்தான். மெல்லிசு நரம்புதான் மீன் கண்ணுக்குத் தெரியாது என்று நான் அடம்பிடித்தேன். அவள் ஊர் நாங்குநேரிப் பக்கம். குளமும் தாமரையும் பார்த்து வளர்ந்தவள். "தாமரத் தண்டு பூரா முள்ளுல்லா? இழுத்தா அதுல ஒரசி அறுத்துக்கிடாதா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறே அறுத்துக்கொண்டது, நல்ல தவளை ஒன்றும் கூடவே போயிற்று. தாமரைக் குளத்துக்குத் தடித்த நரம்பு, ஆற்றுப் பாறைக்கு மெல்லிசு என்று அன்றைக்கு முடிவானது. விரால் இருக்கிற இடத்தில் செடிகொடி இருக்கும், அதனால் தூண்டில் முள் மேல்நோக்கித் தவளையின் முதுகோடு படிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான்தான் சொன்னேன். "ஒண்ணாவது தெரிஞ்சிருக்கே" என்றாள்.

முடிச்சும் அவள்தான். நைலான் நரம்பு வழுக்கும். நான் போடும் முடிச்சு பெரிய மீனுக்கு உருவிக்கொண்டுவிடும். ஒருநாள் அவள் வாங்கி, பூக்கட்டுகிற கையால் சுற்றி, நுழைத்து, வாழைநாரை நனைப்பதுபோல நாக்கில் வைத்து ஈரப்படுத்தி இழுத்தாள். முடிச்சு இறுகி உட்கார்ந்தது. அப்போதுதான் அம்மா புறவாசலுக்கு வந்தாள்.

"ஏளா! மீனு கடிச்சதையா நாக்குல வைக்கே! சிவசிவா!"

அம்மா அவளைக் கிணற்றடியில் நிறுத்தி வாய் கொப்பளிக்கவைத்து, விபூதி பூசித்தான் உள்ளே விட்டாள். அடுத்த வாரமும் அவள்தான் முடிச்சுப் போட்டாள். ஈரப்படுத்தும்போது மட்டும் கதவுப் பக்கம் ஒரு பார்வை.

ஒரு குறை அவளுக்கு இருந்தது. அவள் விராலைப் பார்த்ததே இல்லை. பாபநாசத்தில் பொரி போட்டால் கூட்டமாக வருகிற மீன்களைப் பார்த்திருக்கிறாள். விரால் பொரிக்கு வராது. சந்தையில் கிடப்பதைப் போய்ப் பாரேன் என்றால் வேண்டாம் என்பாள். "நான் எடுத்துக் குடுத்ததை எந்த மூஞ்சி வந்து கடிக்குன்னு உசிரோட பாக்கணும்" என்பாள். குளத்தங்கரைக்கு அவளைக் கூட்டிப்போவது அந்த நாளில் எங்கள் தெருவில் நடக்கிற காரியம் இல்லை. பார்ப்போம், பார்ப்போம் என்றே நாள் போயிற்று. எங்களுக்கு வயது இருந்தது, அவசரம் என்ன என்றுதான் இருவருமே நினைத்தோம்.

பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரி, ஊசி, மறுபடி ஆஸ்பத்திரி. தலைமுடி கொட்டியது. சேலை எடுத்து உடுத்தவே அடுத்தவர் கை தேவைப்பட்டது. கடைசியில் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் யார்? மாடிப்படியில் பாதி இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சோறு வேண்டாம், பால் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் மட்டும் கேட்டாள்.

"ஒரு விரால் கொண்டாந்து காட்டுதியளா?"

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிரவில்லை, பிடித்துவிடுவதை நிறுத்தவும் இல்லை.

மறுநாள் விடியுமுன் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே நின்று திறந்து காட்டினேன். அப்போதும் அதை உள்ளே கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர் எப்படி என்று கேட்டாள். தெளிந்திருக்கிறது என்றேன். ஓரத்தில் கிடந்த பழுப்புத் தவளையைக் காட்டினாள். விரால்கள் கடித்துக் கடித்து ஒரு கால் பிய்ந்துபோன தவளை. நானாக இருந்தால் தூர எறிந்திருப்பேன். கம்பி வழியாக நரம்பை நீட்டினேன். படுத்தபடியே வாங்கி நுழைத்தாள். நுழைத்தது உருவிக்கொண்டது, மறுபடி நுழைத்தாள். நாக்கில் ஈரம் இல்லை, தம்ளர் தண்ணீரைத் தொட்டு நனைத்து இழுத்தாள். முடிச்சு எனக்குத் தளர்வாகத்தான் பட்டது. திருத்திப் போட மனசு வரவில்லை.

"பைய இழுங்க" என்றாள்.

மீனைப் போட பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துச் சைக்கிளில் கட்டினேன். அம்மா வந்து அதை அவிழ்த்து வைத்துவிட்டு, தன்னுடைய பித்தளைக் குடத்தைத் தந்தாள். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த குடம், பிரதோஷத்துக்குத் தண்ணீர் எடுக்கிற குடம்.

"அதுல வெயிலுக்குத் தண்ணி சுட்டுரும்லே. அது உசிரோடல்லா வரணும்" என்றாள்.

குளத்தில் நெடுநேரம் ஒன்றும் இல்லை. தவளை தாமரை இலைமேல் ஏறும், இறங்கும், நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையாரில் தொடங்கி எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது இலை இரண்டு விலகித் தண்ணீர் வாய் திறந்தது. கம்பு வளைந்தது. முடிச்சு, முடிச்சு என்றுதான் என் வாய் சொன்னது. அவள் சொன்னபடி பைய இழுத்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளினேன். முழங்கை நீள விரால், கருத்த முதுகு, வயிற்றில் வெள்ளைத் திட்டு. முடிச்சு அசையவே இல்லை. கரையில் ஆளில்லாத இடத்தில் சத்தம்போட்டுச் சிரித்தேன்.

விரால் துள்ளி வெளியே விழும் என்று குடத்தின் வாயைத் துண்டால் கட்டினேன். சைக்கிளை மிதிக்கவில்லை, தண்ணீர் தளும்பாமல் உருட்டிக்கொண்டே வந்தேன். அவளிடம் என்ன சொல்லுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கூறுகெட்ட மீன்தான், நீ சொன்னது சரி என்று தொடங்க வேண்டும்.

தெருமுனை திரும்பியதும் எங்கள் வாசலில் செருப்புகள் கிடந்தன. பெஞ்சு போட்டிருந்தார்கள்.

சைக்கிளை யாரோ பிடித்துக்கொண்டார்கள். குடத்தை மட்டும் நான் விடவில்லை. எங்கள் பக்கம் இறந்தவரைக் குளிப்பாட்ட வீட்டு ஆண்கள் ஆற்றுக்குப் போய் முங்கி, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வருவார்கள். நீர்மாலை என்று பெயர். நான் ஈர வேட்டியோடு, துணி கட்டிய பித்தளைக் குடத்தோடு நிற்கிறேன். தெருவில் மூத்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து வந்தார்.

"நாம பொறப்படுததுக்குள்ள இவன் நீர்மாலையே எடுத்துட்டு வந்துட்டானே. பாவம், பொண்டாட்டி மேல அம்புட்டு உசிரு. கொண்டு போயித் தலைமாட்டுல வைங்கடே."

குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலேயே போனேன். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். தலைமாட்டில் குடத்தை இறக்கியதும் உள்ளே விரால் தொம்மென்று முட்டியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்தினார்கள். மறுபடி முட்டியது. அண்ணாச்சி துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"ஏலே, என்ன காரியம் செஞ்சிருக்கே! சைவ வீட்டுல, நடுக்கூடத்துல மீனா? எடுலே வெளிய!"

கால்மாட்டிலிருந்து அம்மா எழுந்தாள்.

"அது எம் மருமவ கேட்டது அண்ணாச்சி. என் குடத்துல நாந்தான் கொண்டாரச் சொன்னேன். செத்த பொறுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "காட்டுலே அவளுக்கு. இப்பத்தான் போனா. கண்ணை நான்தான் மூடினேன். அதுவரைக்கும் வாசலையேதான் பாத்துட்டுக் கெடந்தா."

குடத்துக்குள் கை விட்டு விராலைத் தூக்கினேன். அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. பாரு, பாரு என்று மட்டும் சொன்னேன். அது வாலை அடித்தது. குளத்துத் தண்ணீர் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் தெறித்தது. தண்ணீர் பட்டால் முழிப்பாள் என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது. அப்படியே காத்திருந்தேன். அம்மா வந்து என் கையிலிருந்து மீனை வாங்கினாள். வாழ்நாளில் மீனைத் தொடாதவள், இரண்டு கையாலும் வாங்கிக் குடத்தில் விட்டாள்.

நீர்மாலைக்கு ஆற்றங்கரையில் குறுக்குத்துறைக்குப் போனோம். சங்கு ஊதியவர் முன்னால் போக நான் அதே குடத்தைச் சுமந்துகொண்டு போனேன். யாரும் தடுக்கவில்லை. படித்துறையில் குடத்தைச் சரித்தேன். விரால் கொஞ்ச நேரம் என் காலடியிலேயே நின்றுவிட்டுப் போயிற்று. குடத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையே மொண்டு வந்து அவளைக் குளிப்பாட்டினோம்.

காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு ஒருநாள் புறவாசலில் உட்கார்ந்திருந்தேன். கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. பழுப்புத் தவளை நரம்பிலேயே தொங்கியது. அதைப் பெட்டியில் வைக்கலாம் என்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. போட்ட விதம் எனக்குத் தெரியாது. அறுக்கவும் கை வரவில்லை. ரீலில் இருந்து நரம்பு முழுவதையும் உருவிச் சுருட்டி, தவளையோடு பெட்டியில் வைத்து ஆணியில் மாட்டினேன்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா கதவண்டை வந்து நின்றாள்.

"மழை வருது. அந்தப் பெட்டிய உள்ள கொண்டாந்து வைலே, நனைஞ்சிரும்" என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு நிலைப்படிவரை போனேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மழை வந்து நனைக்கிறவரை அழுதேன்.